கொடிக்கால் இலை நோயும் ஊர் வடிகாலும்

நெல்லில் இலை கருகினாலும் கதிர் ஓரளவு தேறிவிடும். வாழையில் இலை கிழிந்தாலும் குலை தள்ளாமற் போவதில்லை. வெற்றிலைக் கொடிக்காலின் நிலைமை அவ்வாறன்று. அங்கே இலையே பயிர், இலையே விளைவு, இலையே பணம். ஓர் இலையில் மிளகளவு புள்ளி விழுந்தாலும் அதனைக் கவுளியில் வைத்துக் கட்டுவதற்கில்லை. கட்டினாலும், வாங்குகிற வியாபாரி அந்த ஒன்றைக் காட்டி முழுக் கவுளிக்கும் விலையைக் குறைப்பான். ஆதலால் கொடிக்கால் வைத்திருப்போர் இலை நோயைக் குறித்து மற்றச் சாகுபடிக்காரர்களைக் காட்டிலும் அதிகமாய்க் கவலை கொள்வது இயல்பேயாகும்.

ஆயினும், அக்கவலை பெரும்பாலும் காலம் கடந்து வருகிறது. வந்த பின்னும் தவறான இடத்தையே நாடுகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு இலையில் கரும்புள்ளி கண்ட பிறகே மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பப்படுகிறது. இலையைப் பார்த்து மருந்து தெளிக்கப்படுகிறது. காலடியில் தேங்கி நிற்கும் நீரையாவது, தலைக்கு மேல் அடர்ந்து மூடிய அகத்தியையாவது கவனிப்பார் மிகச் சிலரே. கொடிக்காலைக் கெடுக்கும் நோய்களில் முதன்மையானவை இலையிற் பிறப்பவையல்ல. மண்ணிலும் நீரிலும் நிழலிலும் வளர்ந்து, பின்னர் இலைக்கு வந்து சேர்பவை. அவற்றைத் தடுக்கும் வேலை புரட்டாசி முடிவதற்குள் செய்து தீரவேண்டிய வேலையாகும். அதிற் பாதி கொடிக்கால்காரருடையது. மறுபாதி நிலச் சொந்தக்காரருக்கும் ஊருக்கும் பொதுவானது. இந்த இரண்டாம் பாதி இதுவரை போதிய கவனம் பெறவில்லை என்பதே இங்கே வற்புறுத்தத் தக்க விஷயம்.

நிழற்பயிரின் இயல்பு

வெற்றிலை, மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. மழைக்காட்டு மரங்களின் அடியில் தோன்றிய இனமாகையால், நேர் வெயிலும் வறண்ட காற்றும் அதற்கு ஆகா. இதனை நன்கறிந்தே முன்னோர் அகத்தியை வரிசையாய் விதைத்து, அதனையே கொழுகொம்பாகவும் பந்தலாகவும் கொண்டு கொடியை ஏற்றினர். பாத்தியின் ஓரங்களில் வாழையை வைத்து, அதன் நாரால் கொடியைக் கட்டினர். இதனினும் சிக்கனமான ஏற்பாட்டை இன்றும் எளிதிற் காண இயலாது.

தமிழ்நாட்டில் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊர்களைக் கருதிப் பார்க்கலாம். தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் தாமிரபரணிப் பாசனத்தையும், சோழவந்தான் வைகைப் பாசனத்தையும், கும்பகோணம் காவிரிப் பாசனத்தையும் சார்ந்தவை. முதல் இரண்டு ஊர்களின் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டிலும், கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. மூன்றும் ஆற்றுப் பாசன ஊர்களாய் இருப்பது தற்செயலன்று. நீர் ஏராளமாய் வரும் இடத்திலேதான் வெற்றிலை செழிக்கும். ஆனால் அவ்வாறு வரும் நீர் தங்காமற் போகவும் வேண்டும். ஈரம் என்றும் இருத்தல் வேண்டும். தேக்கம் ஒரு நாளும் கூடாது. வெற்றிலைச் சாகுபடியின் நுட்பம் அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

வாடல் நோய் வரும் வழி

கொடிக்காலைப் பூண்டோடு அழிப்பது வாடல் நோய். இதனை உண்டாக்கும் நுண்ணுயிருக்குப் பைட்டோப்தோரா என்று பெயர். 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி இட்ட இப்பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘செடியை அழிப்பது’ என்பது பொருள். 1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்து தேசத்து உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்ததும் இதே இனத்தைச் சேர்ந்த ஒன்றே.

இந்நுண்ணுயிர் பார்வைக்குப் பூஞ்சணம் போன்றிருப்பினும், தன்மையில் நீரைச் சார்ந்து வாழ்வது. இதன் வித்துக்கள் மெல்லிய வால் போன்ற உறுப்புக்களை உடையவை. மண்ணில் நீர் தேங்கியவுடன் அவை அந்நீரில் நீந்திச் சென்று வேரையும் தண்டின் அடியையும் பற்றுகின்றன. நீர் வற்றிய காலத்தில் வேறு வகை வித்துக்கள் மண்ணிலும் அழுகிய கொடித் துண்டுகளிலும் உறங்கிக் கிடக்கின்றன. ஐப்பசி முதல் தை வரையில் மழையும் குளிர்ச்சியும் ஒன்றுசேரும்போது மீண்டும் அவை விழித்தெழுகின்றன. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கின்றமையால், நோய்க்கு வேண்டிய யாவும் அந்த மாதங்களில் ஒருங்கே அமைந்துவிடுகின்றன.

தண்டின் அடி முதலிற் கறுத்து மிருதுவாகிறது. தோல் எளிதில் உரிகிறது. அதுவரை மேலே இலைகள் பச்சையாகவே இருக்கும். பின்னர் அவை பளபளப்புக் குன்றி மஞ்சளித்துத் தொங்குகின்றன. சில நாட்களுக்குள் கொடி முழுவதும் காய்ந்துவிடுகிறது. இலை தொங்குவதைக் கண்டு சொந்தக்காரர் திடுக்கிடும் வேளையில் அடித்தண்டு முன்னரே அழுகிப் போயிருக்கும். அழுகிய தண்டை உயிர்ப்பிக்கும் மருந்து உலகில் இல்லை. அடுத்த கொடியைக் காப்பாற்றவே மருந்து உதவும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், தடுப்பு வேலையின் அவசியத்தைக் குறித்து மேலும் வாதிக்க வேண்டியதில்லை.

இதே நுண்ணுயிர் இலையையும் நேரே தாக்குவதுண்டு. மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும்போது சேற்றுடன் நோய் வித்துக்களும் கீழ் இலைகளில் ஒட்டுகின்றன. அங்கே நீர் கோத்தாற்போன்ற வட்டமான புள்ளிகள் தோன்றிப் பழுப்பாகவும் கறுப்பாகவும் விரிகின்றன. தரைக்கு அருகிலுள்ள இலைகளே முதலிற் கெடுவதிலிருந்து நோய் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

புள்ளிகளைப் பிரித்தறிதல்

புள்ளிகள் எல்லாம் ஒரே நோயின் அடையாளம் அல்ல. வேறுபாடு அறியாது ஒரே மருந்தை எல்லாவற்றிற்கும் தெளிப்பது வீண் செலவாகும்.

தரையோரத்து இலைகளில் பெரிய, ஈரமான, வட்டமான கறை மழைக்காலத்திற் கண்டால் மேற்கூறிய அழுகலே என்று கொள்ளலாம். நரம்புகளுக்கு இடையே சிறிய, கோணலான, நீர் கோத்த புள்ளிகள் தோன்றிப் பழுப்பேறி, சுற்றிலும் மஞ்சள் வளையம் கண்டால் அது பாக்டீரியாவினால் வரும் இலைப்புள்ளி. கறுத்த நடுவும் மஞ்சள் விளிம்பும் உடைய வட்டப் புள்ளிகள் இலையிற் கண்டு, தண்டிலும் கருந்தழும்புகள் உண்டாகிச் சுற்றி வளைத்துக் கொடியைக் காயச் செய்தால் அது ஆந்திராக்னோஸ் எனப்படும் கரும்புள்ளி நோய். இலையின் அடிப்புறத்தில் மாவு தூவினாற்போல் வெண்மை படர்ந்தால் அது சாம்பல் நோய். இதற்கு முன்னவற்றைப்போல் இலை நனைந்திருத்தல் வேண்டுவதில்லை. இலையிற் புள்ளி எதுவும் இன்றிக் கொடி மஞ்சளித்து வளர்ச்சி குன்றினால், வேரைத் தோண்டிப் பார்த்தல் வேண்டும். வேரில் முடிச்சுக்கள் காணப்படின் அது நூற்புழுவின் வேலை. அதற்கு இலையில் மருந்து தெளிப்பது, காலில் தைத்த முள்ளுக்குத் தலையிற் பற்றுப் போடுவதை ஒக்கும்.

இவற்றுள் சாம்பல் நோயும் நூற்புழுவும் நீங்கலாக மற்ற மூன்றும் நனைந்த இலையையும் தெறிக்கும் நீரையும் கொண்டே பரவுகின்றன. ஆகவே, இலை விரைவில் உலர்வதற்கும் நீர் விரைவில் வடிவதற்கும் வழி செய்தால் ஒரே முயற்சியில் மூன்று நோய்கள் தணியும்.

நிழல் அளவாய் இருத்தல்

நிழல் குறைந்தால் இலை வெளுத்துத் தடித்துக் காரம் ஏறும்; வெயில் மிகுந்தால் கருகும். இந்த அச்சத்தினால் பலர் அகத்தியை வெட்டாமல் விட்டுவிடுகின்றனர். கோடையில் இது தகும். மழைக்காலத்தில் இதுவே தீங்காய் முடிகிறது. அடர்ந்த நிழலில் கணு நீண்டு, இலை மெலிந்து, பெய்த மழையும் பனியும் உச்சிவேளை வரை உலராமல் நிற்கின்றன.

அகத்தி சுமார் 13 அடி உயரம் வந்ததும் நுனியை வெட்டிவிடுவது முறை. அதனுடன், புரட்டாசியில் பக்கக் கிளைகளையும் கழித்து, காற்றும் சாய்ந்த வெயிலும் உள்ளே புகும்படி செய்தல் வேண்டும். பங்குனிக்குப் பிறகு மீண்டும் தழையவிடலாம். மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்கு மேலும் இலைகளில் ஈரம் நின்றால் நிழல் மிகுதி என்று அறியலாம். கழித்த தழை வீணாவதில்லை. கீரையாகவும் கால்நடைத் தீனியாகவும் விலைபோகும். எனவே இவ்வேலையின் கூலியில் ஒரு பகுதி அன்றைக்கே திரும்பிவிடுகிறது.

மழை தொடங்குமுன், தரையிலிருந்து ஓரடி உயரம் வரை உள்ள இலைகளைக் கிள்ளி அகற்றிவிடுவதும் நல்லது. அவற்றைக் கிள்ளுவதால் வரும் நஷ்டம் சிறிது. மழைத்துளி தெறித்து நோய் ஏறும் முதற்படி அதனால் அகன்றுவிடுகிறது.

பாத்தியும் வாய்க்காலும்

கொடிக்காலில் 6 அடி அகலப் பாத்தியும், இரண்டு பாத்திகளுக்கு இடையே ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள வாய்க்காலும் அமைப்பது சரியான முறை. இக்கணக்குப்படி நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாய்க்காலுக்குப் போகிறது. அதனைக் கண்டு மனம் பொறாமல் வாய்க்காலை முக்கால் அடியாய்க் குறுக்கி இன்னும் சில வரிசைகள் நடுவோர் உளர். அவ்வாறு மிச்சம் பிடித்த வரிசைகள் முதல் ஆண்டில் லாபமாய்த் தோன்றும். நோய் வந்த ஆண்டில் அவற்றுடன் மற்ற வரிசைகளும் போய்விடும்.

வேறு சிலர் முதலில் முறைப்படி வெட்டிவிட்டுப் பின்னர் அதனைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பாய்ச்சலிலும் பாத்தி மண் கரைந்து வாய்க்காலிற் படிகிறது. இரண்டாம் ஆண்டில் அதன் ஆழம் பாதியாகக் குறைந்துவிடும். ஆகையால் ஆண்டுதோறும் புரட்டாசியில் வண்டலை அள்ளிப் பாத்தியின்மேல் அணைத்தல் வேண்டும். நிழலில் உலர்த்திய வேப்பந்தழையையோ எருக்கந்தழையையோ பாத்தியில் பரப்பி, அதன்மேல் இவ்வண்டலை இட்டு மூடினால் வடிகாலும் ஆழமாகும்; கொடிக்கும் எரு சேரும்.

நீர் பாய்ச்சும் வகையிலும் கருத்து வேண்டும். மழைக்காலத்திலும் வாரம் தவறாமற் பாய்ச்சுவது வெறும் பழக்கமேயன்றித் தேவையன்று. மண்ணைத் தொட்டுப் பார்த்தே மடை திறக்க வேண்டும். நோய் கண்ட பாத்தியின் நீர் நல்ல பாத்திக்குள் நுழையும்படி விடுவது, நோயைக் கையாற் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமானம். கொடிக்காலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பக்தியினால் ஏற்பட்டதாயினும் வழக்கம் நல்லதே. அதனுடன், நோயுற்ற கொடிக்காலில் வேலை செய்தவர் காலையும் மண்வெட்டியையும் கழுவிய பின்னரே வேறு கொடிக்காலுக்குள் நுழைவது என்னும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் பெரும் பயன் விளையும்.

விதைக்கொடியும் உரமும்

ஏக்கருக்குச் சுமார் 40,000 கொடித் துண்டுகள் தேவைப்படுகின்றன. இத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்னும் அவசரத்தில், நோய் கண்டு கைவிடப்பட்ட கொடிக்காலிலிருந்தும் விதைக்கொடி மலிவாய் வாங்கப்படுகிறது. விலை மலிந்த விதையுடன் நோயும் விலையின்றி வந்து சேர்கிறது. ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த, நோயற்ற கொடியிலிருந்து 3 முதல் 5 கணுக்கள் உள்ள துண்டுகளை எடுத்து, 0.05 சதவீதப் போர்டோக் கலவையில் அரைமணி நேரம் நனைத்து நடுதல் வேண்டும்.

உரத்திலும் மிதம் வேண்டும். ஏக்கருக்கு ஆண்டுக்கு 60 கிலோ தழைச்சத்துப் போதும். அதிற் பாதியை வேப்பம் புண்ணாக்கின் மூலமாகவும் பாதியை யூரியாவின் மூலமாகவும் இடுவது நன்று. யூரியாவை மிகுதியாய் இட்டால் இலை பார்வைக்குப் பெருக்கும். ஆனால் தசை மென்மையாகி நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். வேப்பம் புண்ணாக்கோ உரமாவதுடன் நூற்புழுவையும் ஓரளவு அடக்குகிறது.

மருந்துக்கு உரிய இடம்

இவ்வளவும் கூறியதனால் மருந்து வேண்டாம் என்பது கருத்தன்று. அதற்குரிய காலத்தையும் இடத்தையும் அறிந்து உபயோகிக்க வேண்டும் என்பதே கருத்து.

பிரான்சு தேசத்துப் போர்டோ நகரைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில், வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காதிருக்கும் பொருட்டுச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசும் வழக்கம் இருந்தது. அக்கொடிகளில் மட்டும் இலை நோய் குறைந்திருப்பதைக் கண்ட மில்லார்தே என்னும் பேராசிரியர் ஆராய்ந்து 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டதே போர்டோக் கலவையாகும். தென்னிந்தியாவில், பாக்குக் குலைகளை மழைக்காலத்தில் அழிக்கும் கோளேரோகத்தை மைசூர் சமஸ்தானத்து விவசாய இலாகாவைச் சேர்ந்த லெஸ்லி கோல்மன் ஆராய்ந்து 1910-ஆம் ஆண்டில் எழுதினார். அதற்கும் இக்கலவையே தடுப்பாயிற்று. கோளேரோகத்தை விளைப்பதும் பைட்டோப்தோரா இனமே. பாக்குத் தோட்டக்காரர் மழை தொடங்குமுன்னரே குலைக்கு மருந்தடித்துவிடுகின்றனர். வெற்றிலைத் தோட்டக்காரர் அவரிடம் கற்கவேண்டிய பாடம் இதுவே. செம்புச் சத்து நோய் வித்தை முளைக்கவொட்டாமற் தடுக்கும். உள்ளே புகுந்துவிட்ட நோயை வெளியேற்றாது.

கொடியின் தூரில் ஊற்றுவதற்கு 0.25 சதவீதக் கலவை ஏற்றது. 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 250 கிராம், சுட்ட சுண்ணாம்பு 250 கிராம் வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரங்கள் ஆகா. மரத்தொட்டி, மண்பானை அல்லது பிளாஸ்டிக் தொட்டியைக் கொள்ளலாம். துத்தத்தை 50 லிட்டர் நீரில் தனியே கரைத்து, சுண்ணாம்பை மற்ற 50 லிட்டரில் நீற்றிக் கரைத்து வடிகட்டி, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய கத்தியை அதில் தோய்த்து எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிகுதி; இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்த்தல் வேண்டும். கலந்த அன்றே உபயோகித்துவிட வேண்டும். ஐப்பசி முதல் தை வரை மாதம் ஒருமுறை தூரில் ஊற்றுவது முறை. டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தை எருவுடன் இடுவோர் அதனையும் இக்கலவையையும் ஒரே சமயத்தில் இடலாகாது. செம்பு அதனையும் அழிக்கக்கூடும்.

இலையில் தெளிப்பதைக் குறித்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கத்தரிக்காயைக் கழுவி வேகவைத்து உண்பர். வெற்றிலையையோ துடைத்துவிட்டு அப்படியே வாயிலிடுவர். பூஜைக்கும் மணவீட்டுத் தாம்பூலத்திற்கும் மருந்திற்கும் அதுவே போகிறது. ஆகையால் முதிர்ந்த இலைகளைக் கிள்ளிய பிறகே தெளிக்க வேண்டும். தெளித்த பின், அம்மருந்துக்குக் குறித்த காலம் கழியும் முன் கிள்ளலாகாது. கடைக்காரர் சொல்லை நம்பி, வெற்றிலைக்கு உரியதல்லாத விஷ மருந்துகளைச் சந்தை நாளுக்கு முந்திய மாலையில் அடிப்பது, பயிரைக் காப்பதன்று, உண்பவரை வஞ்சிப்பதாகும். குறியீடு பெற்ற ஊரின் பெயரும் அதனாற் கெடும்.

ஊரார் கடமை

இதுவரை கூறியவை கொடிக்கால்காரர் தாமே செய்யக்கூடியவை. ஆனால், ஒருவர் தம் வாய்க்கால்களை எவ்வளவு ஆழமாய் வெட்டினாலும், அந்நீர் சென்று சேரும் பொது வடிகால் தூர்ந்திருந்தால் வெட்டிய வாய்க்காலெல்லாம் குட்டைகளாகவே நிற்கும். பல ஊர்களில் நிலைமை இதுதான். பாசன வாய்க்காலைத் தூர்வார ஊரே திரண்டு வரும். தண்ணீர் வரவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வடிகாலுக்கு வருவோர் இலர். தண்ணீர் போகவேண்டும் என்பது மழையின் நடுவில்தான் நினைவுக்கு வருகிறது. இடைப்பட்ட காலத்தில் வரப்பு வடிகாலுக்குள் சாய்கிறது; பாதை போடுகிறவர் குறுக்கே மண்ணைக் கொட்டி, தொடையளவு பருமன் உள்ள குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டுப் போகிறார்; அழுகிய கொடிகள் அதிலேயே எறியப்படுகின்றன. அழுகிய கொடியைப் பொது வாய்க்காலில் எறிவதைக் காட்டிலும் அயலாருக்குச் செய்யத்தக்க பெரிய தீங்கு வேறில்லை. அதனை வேருடன் எடுத்துக் கொடிக்காலுக்கு வெளியே உலர்த்தி எரித்தல் வேண்டும்.

நிலச் சொந்தக்காரருக்கும் இதிற் பெரும் பொறுப்பு உண்டு. கொடிக்கால் இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும் பயிர்; குத்தகைக்கு விடப்படுவதும் மிகுதி. வடிகாலை வெட்டினால் பலன் நிலத்துக்காரருக்கே என்று குத்தகைதாரர் விட்டுவிடுகிறார்; இலையைக் கிள்ளி விற்பவர் அவரே, அவரே வெட்டட்டும் என்று நிலத்துக்காரர் விட்டுவிடுகிறார். இருவரும் விட்ட வேலையை மழை பார்த்துக்கொள்கிறது. நோய் வந்தால் குத்தகைதாரர், அகத்தி விதைத்த நாள் முதல் செய்த செலவை இழந்து கடனாளியாகிறார். நிலத்துக்காரர் குத்தகைப் பணத்தை இழப்பதுடன், பல ஆண்டுகளுக்கு வெற்றிலைக்கு உதவாத நோய் மண்ணையும் பெறுகிறார். எனவே, குத்தகைச் சீட்டிலேயே மூன்று நிபந்தனைகளை எழுதிக்கொள்வது இருவருக்கும் நலம். நிலத்தின் எல்லை வடிகாலை வெட்டி ஒப்படைப்பது சொந்தக்காரர் பொறுப்பு. ஆண்டுதோறும் புரட்டாசியில் தூர்வாருவது குத்தகைதாரர் பொறுப்பு. வாடல் நோய் கண்ட நிலத்தில் நெல், வாழை முதலிய மாற்றுப் பயிர்களைச் செய்யாமல் உடனே மீண்டும் வெற்றிலை நடலாகாது.

கிராம அதிகாரிகளைப் பொறுத்தவரை, அவர்கள் செய்யத்தக்கது செலவு மிகுந்த காரியமன்று. பொது வடிகாலின் அகலமும் போக்கும் கிராமத்துப் புல வரைபடத்தில் உள்ளன. ஆடி மாதத்தில் ஒரு நாள், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கொடிக்கால்காரர் சிலருடன் அவ்வரைபடத்தைக் கையிற்கொண்டு வடிகாலின் தலைமுதல் கடைவரை நடந்து பார்த்தால், எங்கே வரப்பு புகுந்துள்ளது, எங்கே குழாய் சிறியது, எங்கே தூர்ந்துள்ளது என்பது ஒரு காலை வேளைக்குள் தெரிந்துவிடும். ஆவணியில் ஆக்கிரமிப்பை அகற்றி, புரட்டாசியில் தூர்வாரினால் போதும். ஐப்பசியில் வந்து பார்வையிடுவதும், மார்கழியில் நஷ்டத்தைக் கணக்கெடுப்பதும் கடமையைச் செய்ததாகத் தோன்றலாம். கொடிக்கு அவற்றாற் பயனில்லை.

இதற்குச் சிலர் ஒரு தடை கூறுவர்: எல்லா ஆண்டும் நோய் வருவதில்லை, வராத ஆண்டில் இச்செலவு வீணன்றோ என்பர். நோய் வராத ஆண்டிலும் அள்ளிய வண்டல் பாத்திக்கு எருவாகிறது. கழித்த அகத்தி விலையாகிறது. வடிந்த நிலத்தில் வேர் ஆழமாய் ஓடுகிறது. புதிய மருந்துகள் வந்துவிட்டனவே என்பாரும் உளர். எத்தனை புதிய மருந்தாயினும், தேங்கிய நீரை வெளியேற்றும் ஆற்றல் அதற்கு இல்லை.

ஆகவே, ஆடியில் வடிகாலைப் பார்வையிடுதல், ஆவணியில் தடைகளை நீக்குதல், புரட்டாசியில் தூர்வாரி அகத்தியைக் கழித்துக் கீழிலைகளைக் கிள்ளுதல், ஐப்பசி முதல் தை வரை மாதந்தோறும் போர்டோக் கலவையைத் தூரில் ஊற்றுதல், பங்குனி சித்திரையில் கொடியை இறக்கும்போது நோயுற்றதை நீக்கி நல்லதை மட்டும் மண்ணில் சுருட்டிப் புதைத்தல் என்னும் வரிசையை ஒவ்வொரு கொடிக்கால் ஊரும் தன் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இவற்றுள் கடினமான வேலை மண்வெட்டி வேலையன்று. அயலார் தம் பங்கைச் செய்யட்டும் என்று காத்திராமல் முதல் நாள் வடிகாலில் இறங்குவதே. அதனை நிலச் சொந்தக்காரரும் ஊர் அதிகாரிகளும் தொடங்கிவைத்தால், மற்றவர் பின்வரத் தாமதியார்.